தங்கலுக்குப் போகிறவர்கள்

காலை ஐந்தே முக்கால். ராயபுரம் ரயில் நிலையத்தின் பழைய முகப்புத் தூண்களுக்குக் கீழே நான்கு கல்லூரிப் பிள்ளைகள் கொட்டாவி விட்டபடி நின்றிருந்தார்கள். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், ஒருத்தியிடம் மட்டும் சுருட்டிய சார்ட் பேப்பர். அடுத்த மாதம் இவர்களில் பையன்கள் இருவரும் வியட்நாமுக்குப் போகிறார்கள். பெண்களில் ஒருத்தி இந்தோனேசியாவுக்கு, இன்னொருத்தி இலங்கையின் ஹட்டனுக்கு. ஆறு வாரம் அங்கிருக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது, விமானக் கட்டணம் கைக்காசு. படுக்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு.

இவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் வடசென்னைக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியை, என் பழைய சிநேகிதி. "கிளாஸ் எல்லாம் முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை ஊர் சுத்தப் போறோம், வர்றியா?" என்று கூப்பிட்டிருந்தார். வியட்நாம் போகிற பிள்ளைகளை எதற்கு எண்ணூருக்கு அழைத்துப் போக வேண்டும் என்று கேட்டேன். "வந்து பாரேன்" என்று போனை வைத்துவிட்டார்.

கல்லூரிப் பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்ப் பாடம் சொல்வது புதிதில்லை. 1958இல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பு முதலில் அனுப்பியது பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த இளைஞர்களை. அமெரிக்காவின் பீஸ் கோர் தொண்டர்கள் 1961இல் இந்தியாவுக்கு வந்து 1976 வரை இருந்தார்கள். அன்றெல்லாம் அவர்கள் வருவார்கள், நாம் உட்கார்ந்து கேட்போம். இப்போது நம் பிள்ளைகளும் மூட்டை கட்டுகிறார்கள். போர் முடிந்த ஐரோப்பாவில் 1948இல் மாணவர்களே தொடங்கிய ஐசெக் போன்ற அமைப்புகள் வழியாக, ஆறு வாரம் எட்டு வாரம் என்று பல நாடுகளுக்கும் போய்வருகிறார்கள். சம்பளத்துக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகம் என்றால் கதை வேறு. தென் கொரியாவில் மொழி ஆசிரியர் விசாவுக்கு, ஆங்கிலம் பேசும் ஏழு நாடுகளின் பாஸ்போர்ட்டைத்தான் பொதுவாகக் கேட்கிறார்கள். சம்பளம் இல்லாத வாசலில்தான் இந்தப் பிள்ளைகள் நுழைகிறார்கள்.

நால்வரில் காசிமேட்டுப் பையன் வெளிப்படையானவன். "நேர்காணல்ல எந்த ஊருன்னு கேட்டாங்க சார். சென்னைன்னு சொன்னேன். சென்னையில எங்கன்னு கேட்டாங்க. சென்ட்ரல் பக்கம்னுட்டேன்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அதே பதிலை அவர்களும் சொல்லியிருப்பார்கள் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

பேராசிரியை அதைக் கேட்டும் கேட்காதவர் போல முதல் வேலையைக் கொடுத்தார். "இந்த ஸ்டேஷனைப் பத்தி, ஆறு வயசுக் குழந்தைக்குப் புரியற மாதிரி இங்கிலீஷ்ல மூணு வாக்கியம்."

மூன்று வாக்கியத்துக்கு விஷயம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ஆனால் பிள்ளைகள் 'இனாகுரேட்', 'ஹெரிடேஜ்', 'ஆர்க்கிடெக்சர்' என்று தேர்வுத் தாளுக்கு எழுதுவது போல ஆரம்பித்தார்கள். எர்ணாவூர்ப் பெண் மட்டும் கொஞ்சம் யோசித்து, "இது பழைய வீடு. ரயில் இங்கே தூங்கியது. காலையில் எழுந்து போனது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பேராசிரியை தலையாட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

நடந்துகொண்டே ராயபுரம் என்ற பெயரைப் பற்றிப் பேச்சு வந்தது. இங்கே படகோட்டிகள் கட்டிய புனித பீட்டர் தேவாலயம் இருக்கிறது. பீட்டரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள். அந்த ராயப்பரிடமிருந்தே ஊருக்குப் பெயர் வந்தது என்று பலரும் சொல்கிறார்கள். துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவர்கள் இந்தப் படகோட்டிகள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, படகில் ஏறிய துரைக்குத் தமிழ் தெரியாது. அலை வரும்போது 'கெட்டியாப் பிடிச்சுக்கோ' என்பதை இருவரும் எப்படியோ புரிந்துகொண்டிருக்கிறார்கள். கட்டுமரம் என்ற சொல் இந்தக் கடற்கரையிலிருந்து ஆங்கில அகராதிக்குள் போனது. இன்று ஆங்கிலத்தில் அது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. நம் கட்டுமரமோ கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. சொல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, பொருள்தான் நடுவழியில் மாறிவிட்டது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஞாயிறன்று இருக்க வேண்டிய இரைச்சலில் பாதிதான் இருந்தது. மே மாதம், தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் அது. ஃபைபர் படகுகள் கொண்டுவந்த சங்கராவும் நெத்திலியும் ஏலத்தில் போய்க்கொண்டிருந்தன. வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு நான் நகர்ந்துவிட்டேன். வரிசையாகக் கட்டிக்கிடந்த விசைப்படகுகளில் சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் என்ஜினைப் பிரிப்பதுமாக வேலை நடந்தது.

"நைனா படகு அந்தாண்ட இருக்கு" என்று பையன் கைகாட்டினான். தடை முடிந்ததும் அவன் அப்பா தங்கலுக்குப் போவாராம். காலையில் போய் மாலையில் திரும்பாமல், ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிப்பதற்குத்தான் தங்கல் என்று பெயர். வெளிநாடு போகிற விஷயத்தை அவரிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். "அம்மாவுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டுக்கு ஆயிரத்தி ஐந்நூறு அதுதான் குடுத்துச்சு. டிக்கெட்டுக்குச் சீட்டு எடுக்கப்போவுது. நைனாகிட்ட இன்னும் சொல்லல" என்றான்.

வலை விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேராசிரியை போய்ப் பேசினார். "ஐயா, இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு முடிச்சு சொல்லிக்குடுங்க." பெரியவர் நால்வரையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கண்ணியைத் தைத்துக் காட்டினார். தைத்ததை அவிழ்த்தார். ஊசியை ஹட்டன் போகிற தண்டையார்பேட்டைப் பெண்ணிடம் நீட்டினார். அவள் தப்பாகச் சுற்றினாள். "இல்ல." மறுபடியும் சுற்றினாள். பெரியவர் அவள் கையைத் தொடாமல் தன் விரலைக் காற்றில் ஒரு வளையம் ஓட்டிக் காட்டினார். மூன்றாம் முறை முடிச்சு விழுந்தது. "ஆங்." அடுத்தவனிடம் ஊசி போனது.

இருபது நிமிடத்தில் நால்வருக்கும் வந்துவிட்டது. வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது பேராசிரியை கேட்டார்: "அவர் மொத்தம் எத்தனை வார்த்தை பேசினார்?" எண்ணிப் பார்த்தார்கள். 'இல்ல', 'ஆங்' என்ற இரண்டைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். "போன வாரம் மாதிரி வகுப்புல நீங்க ஒவ்வொருத்தரும் பத்து நிமிஷத்துக்கு மூச்சு விடாம பேசினீங்க. குழந்தைங்க எவ்வளவு பேசுச்சு?" யாரும் வாயைத் திறக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து மெட்ரோ. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட பாதை இது. தண்டையார்பேட்டை தாண்டியதும் ரயில் சுரங்கத்திலிருந்து மேலேறி, மொட்டை மாடிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் இடையே ஓடுகிறது. கீழே கன்டெய்னர் லாரிகள் ஊர்ந்தன. காலடிப்பேட்டை என்று அறிவிப்பு வந்ததும் பேராசிரியை விரலை உயர்த்தினார். "யாரோட காலடி?"

ஆதிசங்கரர் என்றான் ஒருவன். அம்மனுடைய காலடி என்றாள் ஒருத்தி. இருவரும் தோற்றார்கள். 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. காலெட் பேட்டை நம் நாக்கில் புரண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. துரையின் பெயர் நம் வாய்க்கு வரவில்லை என்று யாரும் அழவில்லை. வாய்க்கு வந்தபடி மாற்றிக்கொண்டார்கள், முந்நூறு ஆண்டாக ஊர் ஓடுகிறது. "வியட்நாம் பிள்ளை உங்க பேரைத் தப்பாச் சொன்னா, காலெட் துரையை நெனச்சுக்கோங்க" என்றார் பேராசிரியை.

திருவொற்றியூர்த் தேரடியில் இறங்கி, தியாகராஜர் கோயிலுக்குள் போனோம். வடிவுடையம்மன் சன்னதியில் கூட்டம். பிராகாரத்தில் மகிழ மரத்தடியில் உட்கார்ந்தோம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்தது இந்த ஊரில்தான். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள் சங்கிலி. சன்னதியில் சத்தியம் செய்தால் மீற முடியாதே என்று, நான் சத்தியம் செய்யும் நேரம் நீ மகிழடிக்குப் போய்விடு என்று சிவனிடம் முன்கூட்டியே பேசி வைத்தார் சுந்தரர். சிவனோ சங்கிலியின் கனவில் வந்து, மகிழடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்ட சுந்தரர் மரத்தடியில் சத்தியம் செய்தார். வசந்தம் வந்தது, திருவாரூர் நினைவு வந்தது, ஊர் எல்லையைத் தாண்டினார், கண் பார்வை போயிற்று. பெரிய புராணம் சொல்லும் கதை.

"ஆறாவது வாரம் குழந்தைங்க கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழும். திரும்ப எப்ப வருவேன்னு கேக்கும்" என்றார் பேராசிரியை. "அடுத்த வருஷம் வரேன்னு வாய் தவறிக்கூடச் சொல்லாதீங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் அப்படித்தான் சொல்லிட்டுப் போயிருப்பார். உங்களுக்குப் பின்னாடி வர்றவரும் சொல்லுவார்."

கோடைத் தொண்டர்களைப் பற்றி உலகமெங்கும் சொல்லப்படும் குறையும் இதுதான். ஆறு வாரத்துக்கு ஒரு புது முகம், ஒவ்வொரு முறையும் 'ஏ ஃபார் ஆப்பிள்' முதலிலிருந்து. போகிறவருக்கு அனுபவமும் புகைப்படமும் மிஞ்சும், பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி நியாயமானது. அதற்காகப் பேராசிரியை சில விதிகள் வைத்திருக்கிறார். முன்னால் வந்தவர் எங்கே விட்டார் என்று கேட்டு அங்கிருந்து தொடங்க வேண்டும். கிளம்பும்போது என்ன நடத்தினோம் என்று அந்தப் பள்ளி ஆசிரியருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதியில்லாமல் குழந்தைகளைப் படம் எடுக்கக்கூடாது. தொண்டு வேலைக்கு எந்த விசா என்று தூதரகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுத்தால் சிக்கல் வரலாம். இவை நான்கையும் மகிழ மரத்தடியில் எழுதிக்கொண்டார்கள்.

மதியம் ஷேர் ஆட்டோவில் எர்ணாவூர் தாண்டி பர்மா நகர். 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியபோது, பல தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். பாரிமுனையில் பர்மா பஜார் அவர்களால் வந்தது. அத்தோவும் மொய்ங்காவும் அவர்களோடு வந்தவை. எர்ணாவூர்ப் பெண்ணுக்குத் தெரிந்த ஆயா ஒருவர் மாலைக் கடைக்கு முட்டை அவித்துக்கொண்டிருந்தார். வெட்டிய வேகவைத்த முட்டைக்குள் வறுத்த வெங்காயமும் பூண்டும் புளித்தண்ணீரும் விட்டுத் தருகிற கடை.

"ஆயா, இவங்களுக்கு பர்மா பாஷை கத்துக்குடு. தமிழ் பேசாதே" என்றாள் அந்தப் பெண். ஆயாவுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. ஒரு முட்டையை எடுத்து வைத்து "திட்" என்றார். இரண்டாவது, "ஹ்னிட்." "தோன், லே, ங்ஙா." ஐந்து வரைக்கும் போய்விட்டு, திரும்பக் கேட்டார். ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் மூன்றில் திணறினார்கள். நானும்தான். ஹ்னிட்டின் முதல் ஒலி மூக்கில் வர வேண்டுமா, தொண்டையில் வர வேண்டுமா என்பதே பிடிபடவில்லை. தப்பாகச் சொன்னால் ஆயா முட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். காசிமேட்டுப் பையனுக்கு வேர்த்துவிட்டது. "தலைல ஒண்ணுமே ஏற மாட்டேங்குது. இவ்ளோ பேர் முன்னாடி வேற" என்றான். வியட்நாமில் முதல் நாள் வகுப்பில் அவன் முன்னால் உட்காரப்போகும் பிள்ளைகளின் நிலைமை இதுதான் என்பதைப் பேராசிரியை எடுத்துச் சொல்லவில்லை.

ஆயா ரங்கூனில் பள்ளிக்கூடம் போனவர். தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. இங்கே வந்தபோது பன்னிரண்டு வயது. "என்னைவிடச் சின்னப் பொண்ணு ஒருத்திதான் எனக்கு ஆனா ஆவன்னா போட்டுக் காமிச்சா. அவளே அப்பத்தான் கத்துக்கிட்டிருந்தா. வாத்தியாருகிட்ட கேக்க வெக்கமா இருக்கும். அவகிட்ட கேக்க வெக்கமில்ல" என்றார்.

இதைக் கேட்டபோது எனக்கு எழும்பூர் ஞாபகம் வந்தது. 1789இல் அங்கே ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதை ஒருநாள் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டிவிட்டான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த முறையைப் பெல் ஊர் திரும்பி 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். மெட்ராஸ் முறை என்று பெயர் பெற்று இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833இல் அவர் பணத்தில் திறந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர். நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய் வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஆங்கிலம் படிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறான். அதுவும் சம்பளம் இல்லாமல்தான்.

ஆட்டோவில் இதைச் சொன்னேன். "அப்ப நாங்க முதல் பேட்ச் இல்ல" என்றாள் ஹட்டன் போகிறவள்.

எண்ணூரில் குப்பம் ஒன்றின் சமுதாயக் கூடம். பதினைந்து பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் பேசாமல் இவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பார்க்க வேண்டும். வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம், அதைத் தாண்டி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். எர்ணாவூர்ப் பெண்ணுக்கு இந்த இடம் பழக்கம். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன் தெருவில் பாடம் எடுத்தவள் அவள். ஆனால் இன்று அவளே முதலில் சறுக்கினாள். சார்ட்டில் வரைந்து வந்த சந்தைக் காட்சியைக் காட்டி, நான் சந்தைக்குப் போகிறேன், நான் ஆப்பிள் வாங்குகிறேன் என்று சொல்ல வைத்தாள். பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள். கோயிலில் போற்றி சொல்வதுபோல் இருந்தது.

இரண்டாவது முறை சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டாள். காலையில் பார்த்த மீன்களைத் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்தாள். இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சங்கரா, பாறை, கானாங்கெளுத்தி என்று பதில்கள் பறந்தன. வால் தப்பாகப் போட்டிருக்கிறாய் என்று ஒரு பொடியன் சாக்குக்கட்டியைப் பிடுங்கித் திருத்தினான். அவன் கையிலேயே அதை விட்டுவிட்டாள். நேற்று என்ன செய்தாய், போன வாரம் என்ன செய்தாய் என்று பேச்சு இறந்தகாலத்துக்கு நகர்ந்தது.

அப்போது பின்வரிசையில் இருந்த சிறுமி தமிழில் கேட்டாள்: "அக்கா, நைட்டு கேஸ் வந்துச்சுல்ல, நாங்க ஓடுனோம். அத எப்படிச் சொல்றது?"

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சு முட்டி, கண் எரிந்து, தூக்கத்தில் இருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இந்தக் கரையே ஓடியது. எர்ணாவூர்ப் பெண்ணும் அந்த இரவில் ஓடியவள்தான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு குனிந்து, தரையில் மீன்களுக்குப் பக்கத்தில் இரண்டே சொல் எழுதினாள். "வீ ரேன்." சிறுமி சொல்லிப் பார்த்தாள். பிறகு, ராத்திரியில் என்பதற்கு என்ன என்று கேட்டு அதையும் சேர்த்துக்கொண்டாள். பிறகு அம்மாவை. பத்து நிமிடத்தில் அவளிடம் ஆறு சொல்லில் ஒரு வாக்கியம் இருந்தது. தமிழ் பேசக்கூடாது என்ற விதி எப்போதோ காற்றில் போயிருந்தது. பேராசிரியையும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஹட்டன் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் போகும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் மூதாதைகள் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னும் பின்னும் நம் ஊர்களிலிருந்து காப்பிக்கும் தேயிலைக்கும் போனவர்கள். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். "அவங்களுக்கு என்ன சொல்லணும்னு இருக்கும்னு முதல்ல தமிழ்ல கேட்டுக்கப் போறேன் சார்" என்றாள்.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பேருந்து நிறுத்தத்தில் காசிமேட்டுப் பையன் கொஞ்சம் தள்ளி நின்று போனை எடுத்தான். எதிர்ப்பக்கம் சத்தமாகப் பேசுகிறவர் போலும், எங்களுக்கும் கேட்டது.

"நைனா, நான் வியட்நாம் போறேன். ஆறு வாரம். பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க."

"சம்பளம் எவ்ளோ?"

"சம்பளம் இல்ல."

எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் என்ஜின் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. "சாப்பாடு?"

"அவங்க குடுப்பாங்க."

"படுக்க?"

"அதுவும்."

"எப்ப கெளம்புறே?"

"ஜூன் பதினஞ்சு."

மறுபடியும் என்ஜின் சத்தம். பிறகு அந்தக் குரல், பக்கத்தில் இருக்கும் யாருக்கோ செய்தி சொல்வதுபோல் உரக்கச் சொன்னது: "டேய், இவனும் அன்னிக்குத்தான் தங்கலுக்குப் போறானாம்."